ரூஃப்டாப் டென்ட்: கடலூர்க் காற்றில் சில மழைக்காலங்களுக்குப் பிறகு

வண்டியின் கூரைமேல் பூட்டி, ஏணியில் ஏறிப் படுக்கும் டென்ட்டைப் பிடித்திருக்கும் நட்டு போல்ட்டுகள் அனைத்தையும் மாற்றி, கூரையின் குறுக்கே டென்ட்டைத் தாங்கும் கம்பியான கிராஸ் பார்களில் அரித்துப்போன ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிப் பூட்டி, அந்தச் செலவின் சூடு ஆறாத நேரத்தில் இதை எழுதுகிறேன். விலை இறங்கியிருப்பதால் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நெய்வேலியில் இருக்கும் நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே தருகிறேன். எத்தனை பேர் படுக்கலாம், விரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுகிறார்கள். தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருந்து, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டியை நிறுத்துகிற ஒருவருக்கு அது எப்படி உழைத்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

தேர்வு செய்யும்போது என் முன்னால் நின்ற முதல் கேள்வி எடைதான். வண்டியின் கையேட்டில் கூரை தாங்கும் எடை என்று ஓர் எண் இருக்கும். பல எஸ்யூவிகளில் அது 75 முதல் 100 கிலோவுக்குள் வரும். வண்டி ஓடும்போது கூரையில் இருக்கக்கூடிய மொத்த எடை அது. டென்ட்டோடு கேரியர், கிராஸ் பார், ஏணி, உள்ளே மடித்து வைத்த போர்வை வரைக்கும் அதில் அடக்கம். நிற்கும் வண்டியில் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதால்தான் இரண்டு பெரியவர்கள் மேலே ஏறிப் படுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. விற்பனையாளர்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்லியே வாங்குபவரைத் தேற்றிவிடுகிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திருப்பும்போதும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அந்த எடை எல்லாப் பக்கமும் கிராஸ் பாரைப் பிடித்து இழுக்கிறது. கையேட்டின் எண் அவ்வளவு குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆகவே நாம் பார்க்க வேண்டியது முதல் கணக்கு.

கெட்டியான ஓடு கொண்ட ஹார்ட் ஷெல் டென்ட்டுகள் பார்வைக்கு எடுப்பாக இருக்கின்றன, கொக்கியை விடுவித்ததும் தாமாகவே எழும்பி நிற்கின்றன. அவற்றில் பல 60 கிலோவைத் தாண்டுகின்றன என்பது ஒரு தடை. அவற்றைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டின், அதாவது வாயு அடைத்த உந்துகுழலின், தண்டில் துரு பிடித்தால் சீல் கிழிந்து வாயு இறங்கிவிடும் என்பது நம் ஊருக்கென்றே உள்ள தடை. அதனால் துணியை மடித்து மேலே உறை போட்டு மூடும் சாஃப்ட் ஷெல் வகையை எடுத்தேன். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த பாலிகாட்டன் துணி, 50 கிலோவைச் சற்றே தாண்டிய எடை, அந்த நேரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விலை.

பூட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் என் குறை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. டென்ட்டின் அடிப்பலகைக்குக் கீழே நீளவாக்கில் இரண்டு அலுமினியச் சட்டங்கள் இருக்கும். அவற்றின் பள்ளத்துக்குள் எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டின் தலையை நுழைத்து நகர்த்தி, கிராஸ் பாருக்குக் கீழே ஒரு தகட்டைக் கொடுத்து, உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நைலாக் நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். சட்டமும் கிராஸ் பாரும் சந்திக்கும் இடங்கள் நான்கு. இடத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு போல்ட்டுகள். 13ஆம் எண் ஸ்பேனர் ஒன்று போதும். கூரையிலுள்ள ரெயில் உண்மையிலேயே எடை தாங்குவதற்கா, அழகுக்காக ஒட்டியதா என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நாம் சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் டென்ட் இடப்பக்கமாகத் திறக்கும்படி வைத்தேன்; ஓரமாக நிறுத்தினால் ஏணி சாலைக்கு எதிர்ப்பக்கம் இறங்கும். பின்பக்கமாகத் திறக்கும்படி வைத்தால் ஏணியும் விரிந்த பாதியும் டிக்கிக் கதவுக்கு இடைஞ்சலாகிவிடும், அடுப்பும் தண்ணீர் கேனும் அங்கேதான் இருக்கின்றன. பூட்டி முடித்து ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

இனி டென்ட்டின் நல்ல பக்கம். இதில் மனத்தாங்கல் எதையும் கலக்காமல் எழுதுகிறேன். மரக்காணம் பக்கத்தில் தெரிந்தவருடைய சவுக்குத் தோப்பு ஒன்றில் ஐப்பசி மழையில் அதில் படுத்திருக்கிறோம். முன்னிரவில் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. தரையில் டென்ட் அடித்திருந்தால் நள்ளிரவில் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருப்போம். காலையில் சன்னல் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் கீழே மணலெல்லாம் நீர் ஓடிய வரிகள், ஏணியின் கடைசிப் படிவரைக்கும் தெறித்த மண், அதில் ஒட்டிய சவுக்கு ஊசிகள். மேலே மெத்தையும் போர்வையும் காய்ந்தபடியே இருந்தன. தேள், பூரான், பாம்பு என்ற கவலை இல்லாமல் பிள்ளைகள் தூங்கினார்கள். தரையில் படுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என் மனைவி அன்று வலி என்று ஒரு சொல் சொல்லவில்லை. பாலிகாட்டன் துணியின் தையல் ஓட்டைகளில் முதல் மழைக்குச் சொட்டு இறங்கும்; வீட்டிலேயே குழாய்த் தண்ணீரால் நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதைச் செய்துவிட்டே புறப்பட்டதால் இன்றுவரை உள்ளே ஒரு சொட்டு விழுந்ததில்லை. துணியையும் தையலையும் மெத்தையையும் செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்படிப்பட்ட பொருளுக்கு அவர்கள் கொடுத்த போல்ட்டுகளைப் பற்றித்தான் எனக்கு ஆறவில்லை.

முதல் மழைக்காலம் முடிந்து வண்டியைக் கழுவும்போது கூரையின் வெள்ளைப் பெயின்ட்டில் பழுப்புக் கோடுகளைப் பார்த்தேன். கிராஸ் பார் தகட்டிலிருந்து துருநீர் வடிந்து கண்ணாடி ஓரம்வரை இறங்கியிருந்தது. விரலால் தொட்டால் நட்டின் மேல் துரு பொடியாக உதிர்ந்தது. அதைச் சுற்றிய அலுமினியச் சட்டத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரம் நின்றால், அலுமினியம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை அந்தப் பூச்சு அரிபடும்; பூச்சு தீர்ந்த பிறகு அரிபடுவது அலுமினியச் சட்டம். துரு இரும்போடு நிற்பதில்லை, டென்ட்டின் எலும்பையே தின்னத் தொடங்குகிறது. விற்ற கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எண்ணெய் தடவுங்கள் என்று பதில் வந்தது. தடவினேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் நெருங்கியபோது டென்ட்டை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம் என்று ஸ்பேனரோடு ஏறினேன். கடலூர்க்காரர்களுக்கு இதில் அலட்சியம் வராது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தில் எதையெதையெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். சில நட்டுகள் முனகிக்கொண்டே சுழன்றன. மீதியில் ஸ்பேனர் வழுக்கி முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். ஒரு போல்ட் பிடிவாதமாக நின்றாலும் டென்ட் இறங்காது. மேலே டென்ட் இருக்கும் உயரத்துக்கு எங்கள் போர்ட்டிகோவில் வண்டி நுழையவும் நுழையாது. வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்தி, உறையின் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கட்டிவிட்டு, நவம்பர் 30 இரவை விழித்தபடியே கழித்தோம். புயல் அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மறுநாள் உறையை அவிழ்த்துப் பார்த்தால் டென்ட்டுக்குள் ஈரம் இல்லை. துணியை நினைத்து நெகிழ்ந்தேன். போல்ட்டை நினைத்து அதே அளவுக்கு எரிச்சல் வந்தது.

பிறகு கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பொறி பட்டால் துணியும் பெயின்ட்டும் போய்விடும் என்று நனைத்த சாக்கைக் கூரை முழுக்க விரித்து, லேத்துப் பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக அறுத்தார். வெட்டிய துண்டுகளின் மேல் காந்தத்தை வைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டென்ட்டோடு வந்த தாளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று அச்சிட்டிருந்தது. 304 கிரேடு என்னும் வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போல்ட்டு செய்யும்போது ஏற்படும் அழுத்தத்தால் லேசான ஈர்ப்பு வரலாம். இப்படி இரும்பைப் போலப் பிடிக்காது. துத்தநாகப் பூச்சு போட்ட சாதாரண இரும்பு போல்ட்டுகள் அவை.

புதிய போல்ட்டுக்கு நான் போனது கார் உதிரிபாகக் கடைக்கு இல்லை. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டிப் படகு இன்ஜின் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். உப்பில் எது நிற்கும் என்பது இந்தக் கரையில் அவர்களுக்குத்தான் தெரியும். அறுத்த துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு மழைக்குத் தாங்கும், மறு மழைக்குத் தாங்காது. 316 போடு, இல்லேன்னா போடவே போடாதே" என்றார். 304இல் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன; 316இல் அவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் சேர்கிறது. உப்பு குழிகுழியாக அரிப்பதைப் பெருமளவு தடுப்பது அந்த மாலிப்டினம். சந்தையில் எஸ்.எஸ். என்று விலை குறைவாகக் கிடைக்கும் 202 கிரேடில் நிக்கல் குறைவு, பாத்திரத்துக்கு ஆகும், கடலோர வண்டிக்கு ஆகாது. அவர் சொன்னபடியே 316 போல்ட்டும் நட்டும் வாங்கி, அலுமினியத்தைத் தொடும் இடங்களில் எல்லாம் நைலான் வாஷர் வைத்து, மரையில் படகுக்காரர்கள் பயன்படுத்தும் கிரீஸைத் தடவிப் பூட்டினேன். ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷின் வைத்து வேகமாக இறுக்கினால் மரையோடு மரை சூடேறிக் கடித்துக்கொள்ளும், பிறகு துருவே இல்லாமல் ஜாம் ஆகிவிடும். அதனால் கையால் நிதானமாக ஏற்ற வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முழுச் செட்டுக்கும் ஆன செலவு சில நூறு ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிய பொருளில் அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்தவர்களால் எனக்குக் கிராஸ் பாரும் போனது, சட்டத்தில் ஒரு முனையும் குழி விழுந்துவிட்டது. கேட்டபோது, கடலோரத்தில் நிறுத்தும் வண்டிக்கு வாரண்டி பொருந்தாது என்றார்கள். அவர்களுடைய விளம்பரத்தாளின் அட்டைப்படத்தில் டென்ட் நிற்பதே கடற்கரை மணலில்தான். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மற்றக் குறைகள் எல்லா டென்ட்டுக்கும் பொதுவானவை. மலைக்குளிரில் எல்லாச் சன்னலையும் மூடிப் படுத்தால் மூச்சுக்காற்றின் ஈரம் மெத்தையின் அடிப்பக்கம் தங்கி, கவனிக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மெத்தைக்குக் கீழே காற்று புகும் பிளாஸ்டிக் வலைவிரிப்பும், எதிரெதிர்ச் சன்னல்களில் கையளவு திறப்பும் போதும். ஈரத்தோடு மடித்த டென்ட்டை வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயவிட வேண்டும். டீசல் லிட்டருக்கு ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் குறைகிறது. எண்பதுக்கு மேல் போனால் காற்று இரைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்வதை உணரலாம், வேகத்தைக் குறைத்தால் சரி. காப்புக்காட்டில் அனுமதியின்றி இரவு தங்க முடியாது என்பதால், தனியார் தோட்டமோ தங்கும் முகாமோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தரும் பதில் வேண்டாம் என்பதே. நெய்வேலி நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். அவருக்கு உப்புக்காற்றுத் தொல்லை எங்கள் அளவுக்கு இல்லை என்பது தெரிந்தேதான் சொன்னேன். மழையில் காய்ந்த படுக்கையைக் கொடுத்த அதே நிறுவனம் துருப்பிடிக்கும் போல்ட்டைத் துருப்பிடிக்காதது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. ஓடும் வண்டியில் நம் பிள்ளைகளின் தலைக்கு மேலே 50 கிலோவைப் பிடித்திருப்பது அந்த எழுத்துதான் என்னும்போது, எவ்வளவு விலை குறைந்தாலும் அவர்களிடம் இன்னொருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே போல்ட்டுப் பையைப் பிரித்துக் காந்தம் வைத்துப் பார்க்கட்டும். என்னுடையதை நான் விற்பதாக இல்லை. தை பிறந்ததும் கல்வராயன் மலைக்குக் கிளம்புகிறோம். போய் வந்து எட்டு நட்டுகளையும் ஒருமுறை கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் புதிதாகத் தடவும்போது அவை எப்படி வருகின்றன என்பதை இதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன்.