40 நாள் சுற்றுக்காரருக்கு 21ஆம் நாள் டெஸ்ட்: பணம் கட்டுமுன் படியுங்கள்

திருவாரூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். பிசிஓடி (சினைப்பையில் சிறு கட்டிகள் நிறைந்து பீரியட்ஸ் தள்ளிப்போகும் ஹார்மோன் கோளாறு) உண்டு, பீரியட்ஸ் 40 நாளுக்கு ஒருமுறைதான். கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ‘முட்டை வளர்ச்சி பேக்கேஜ்’ என்று 4,500 ரூபாயை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். 12, 14, 16ஆம் நாள்களில் ஸ்கேன்; முட்டைப்பைகளில் (சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு நீர்ப்பை) பெரியதே 9 மி.மீ.தான். 21ஆம் நாள் ரத்தத்தில், முட்டை வெடித்த பிறகு கூடும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 0.6 நானோகிராம். “உனக்கு முட்டையே வெடிக்கலம்மா” என்று சொல்லி, டாக்டர் யாரும் பார்க்காமலே மாத்திரையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அழுதுகொண்டே பஸ் ஏறியிருக்கிறார்.

தப்பு நாள் கணக்கில். முட்டை வெடித்து ஏறத்தாழ 14 நாளில் பீரியட்ஸ் வரும். அப்படியானால் இவருக்கு வெடிப்பு 26ஆம் நாள் வாக்கில். 21ஆம் நாள் டெஸ்ட் 28 நாள் சுற்றுக்காரர்களுக்கு உரியது. இவருக்கு 33ஆம் நாள் எடுத்து, குறைவாக இருந்தால் பீரியட்ஸ் வரும்வரை வாரம் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னொன்று, நம் பக்கம் அதிகம் நடப்பது: “எப்பம்மா தலைக்குக் குளிச்சே?” என்று கேட்டு அதையே முதல் நாளாக எழுதிவிடுகிறார்கள். உதிரம் பட்ட நாள்தான் முதல் நாள். மூன்று நாள் தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும்.

முட்டைப்பை 10 மி.மீ. தாண்டிய பிறகு நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளர்ந்து, 18 முதல் 24க்குள் வெடிக்கும். 9 மி.மீ.யில் நிற்கிறதென்றால் நாலைந்து நாள் கழித்து வரச் சொல்வதுதான் முறை. வெடித்த பிறகும் ஒரு ஸ்கேன் வேண்டும். வளர்ந்த பை வெடிக்காமலே நின்றுவிடுவதும் உண்டு.

அதே இடத்தில் டப்பா இல்லாமல் உதிரியாக விற்ற, முட்டை வெடிக்கப்போவதைக் காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் காலாவதித் தேதியே இல்லை. பிசிஓடி உள்ளவர்களுக்கு, இந்த ஸ்ட்ரிப் பார்க்கும் எல்ஹெச் (முட்டையை வெடிக்கத் தூண்டும் ஹார்மோன்) சாதாரணமாகவே கூடுதலாக இருக்கலாம், அதனால் பல நாள் தொடர்ந்து இரண்டு கோடு காட்டும். முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால் ஊசி மருந்தே கோடு காட்டிவிடும்.

பேக்கேஜாகக் கட்டாதீர்கள், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனி பில் கேளுங்கள். சுற்றின் எத்தனையாவது நாள், இரண்டு பக்க முட்டைப்பை அளவு, கர்ப்பப்பை உள்சுவரின் தடிமன் மூன்றும் ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் அங்கேயே எழுதி வாங்குங்கள். அந்த மாத்திரையை மகளிர் மருத்துவர் பார்க்காமல் விழுங்க வேண்டாம்; தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் காட்டலாம்.