பழைய லோட்டஸ் எலிஸ் கார் வாங்கி ஏமாந்தேன். அந்தச் சிவப்பு ஃபைல் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது

போன வாரம் தூக்கம் வராமல் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வெள்ளி நிறத்தில் ஒரு டொயோட்டா எம்ஆர்2 ரோட்ஸ்டர். "நண்பனுக்காக விற்கிறேன். கேரேஜிலேயே வைத்துக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி." நாலாவது போட்டோவில், பக்கத்து சீட்டின் மேல் ஒரு சிவப்பு ஃபைல். அதன் மூலையில் அரைவட்டமாக ஒரு காபிக் கறை.

அந்தக் கறையை எனக்குத் தெரியும். அக்டோபரில் அந்த ஃபைல் என் மடியில் கால் மணி நேரம் இருந்தது.

இங்கிலாந்தில் இருந்துகொண்டு இந்த மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மேல் கண் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் எடுத்த பிறகுதான் படித்தேன்.

நான் வாங்கியது 1999-ஆம் வருட லோட்டஸ் எலிஸ். 1996-இல் வந்த முதல் தலைமுறை. நார்ஃபோக்கில் ஹெத்தல் என்ற ஊரில், பழைய விமானத்தளத்தில் இருக்கும் தொழிற்சாலையில் செய்தது. அப்போதைய முதலாளி ரொமானோ ஆர்டியோலி தன் பேத்தி எலிசாவின் பெயரை வைத்த வண்டி. எஞ்சின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால். ஆரம்ப கால வண்டிகளின் எடை சுமார் 725 கிலோ. நம்மூர் மாருதி 800-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் 118 குதிரைத்திறனே பறக்கப் போதும். அலுமினியச் சட்டங்களை வெல்ட் வைக்காமல் பசை போட்டு ஒட்டிய சேசிஸ், அதாவது வண்டியின் எலும்புக்கூடு. வெறும் சேசிஸ் 68 கிலோதான். மேலே கண்ணாடி இழை ஓடு. இதெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, விற்பவன் யார் என்று கேட்கத் தெரியவில்லை.

எதிர்வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் கராஜில் வேலை பார்த்தவர். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "தம்பி, நீர் போகேக்க எஞ்சின் ஆறிப்போய் இருக்கோணும். சூடெண்டால் ஒண்டும் கதையாமல் திரும்பி வாரும்."

மிட்லண்ட்ஸில் ஒரு ஊர், தொழிற்பேட்டைக்குப் பின்னால் நீல ஷட்டர் போட்ட ஒரு கொட்டகை. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் எலிஸின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உனக்காக வெளியே எடுத்து வைத்தேன்" என்றார் அந்த ஆள். ஐம்பது வயதிருக்கும், டீ போட்டுக் கொடுத்தார், என் வேலையைப் பற்றி விசாரித்தார். எஞ்சின் மூடியைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. அண்ணை சொன்னது காதில் ஒலிக்கத்தான் செய்தது. கண் வண்டியின் மேல் இருக்கும்போது காது வேலை செய்வதில்லை.

இடப்பக்கக் கதவுக்கும் முன் ஓட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. வலப்பக்கம் நகம்கூட நுழையவில்லை. கேட்டேன். "கையால் செய்கிற வண்டி இது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் சந்தேகப்படணும்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

லாக்புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், வேறு ஒருவர் பெயர் இருந்தது. நண்பன் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டான், அவனுக்காக விற்றுக் கொடுக்கிறேன் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பிறகு அந்தச் சிவப்பு ஃபைல். இரண்டு விரற்கடை தடிமன். டயர் பில், பிரேக் பில், ஆயில் பில், பழைய வரி ரசீது, வண்டியோடு வந்த கையேடு. புரட்டப் புரட்ட மனசு குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து தேதிவாரியாக அடுக்கியபோதுதான் 2015-க்குப் பிறகு ஒரு பில்கூட இல்லை என்று தெரிந்தது. டைமிங் பெல்ட் மாற்றியதற்குச் சீட்டே கிடையாது. பணம் கைமாறியதும் அந்த ஆள் காகிதங்களை உருவி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஃபைல் என்னுடையது, அது எனக்கு வேணும்" என்று எடுத்து வைத்துக்கொண்டார். 17,500 பவுண்டு வாங்கிய மனுஷன் இரண்டு பவுண்டு ஃபைலுக்கு ஆசைப்படுகிறாரே, கஞ்சப்பயல் என்று நினைத்தேன். அது அவருடைய தொழில் கருவி என்று இப்போதுதானே புரிகிறது.

கார்டு எடுக்க மாட்டேன், வங்கிக்கு அனுப்பு என்றார். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. மனைவி என்றார். சாயங்காலம் ஸ்காட்லாந்திலிருந்து ஒருத்தர் வருகிறார் என்றும் சொன்னார். இந்த ஸ்காட்லாந்துக்காரர் எல்லாப் பழைய கார் விற்பனையிலும் வருகிறார். யாரும் அவரைப் பார்த்ததில்லை. ரசீதில் "பார்த்தபடி விற்கப்பட்டது" என்று ஒரு வரி.

பத்தொன்பதாம் நாள், லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் நெரிசல். எலிஸில் தண்ணீர்ச் சூடு முள்ளாகக் காட்டாது, எண்ணாகவே காட்டும். 88. 93. 99. கால் சில்லிட்டதால் ஹீட்டரைப் போட்டேன். வந்தது குளிர்ந்த காற்று. ஹீட்டர் வரை போகத் தண்ணீரே இல்லை என்று அதற்கு அர்த்தம். 107. 113. ஓரங்கட்டினேன். பின்னாலிருந்து இனிப்பு வாடையோடு ஆவி. ஆறிய பிறகு ஆயில் மூடியைத் திருகினால் அடியில் மோர் கடைந்த மாதிரி வெளிறிய நுரை.

எலிஸில் இருக்கும் ரோவர் கே-சீரிஸ் எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஹெட் கேஸ்கெட். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு. இந்த எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரே குறைவு. எலிஸில் ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் முதுகில். நடுவே நீளமாகக் குழாய். கொஞ்சம் ஒழுகினாலும், உள்ளே காற்று அடைத்தாலும் சூடு ஏறிவிடும். ஹெட்டையும் பிளாக்கையும் பொருத்தி நிறுத்தும் சின்ன முளைகள் பழைய எஞ்சின்களில் பிளாஸ்டிக். பின்னால் எஃகு முளையும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும் போட்டுச் சரிசெய்தார்கள். ஒழுங்காகச் செய்துவிட்டால் பிறகு நன்றாகவே ஓடும் எஞ்சின் இது. செய்த பில் ஃபைலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூடியின் அடியில் லேசாக நுரை கட்டினாலே கேஸ்கெட் போச்சு என்றும் பதற வேண்டாம். குளிரில் கிட்டத்துக்கு மட்டும் ஓட்டிய வண்டியிலும் அது வரும். தண்ணீர் குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அன்று எனக்காக எஞ்சினைச் சூடாக்கி வைத்ததன் காரணம் இதுதான். ஆறிய எஞ்சின் என்றால் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்திருப்பேன்.

லோட்டஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினேன். மெக்கானிக் வண்டியைத் தூக்கி, அடித்தகட்டைக் கழற்றி, டார்ச்சை என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க." முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் கண்ணாடி இழைப் பெட்டி, மோதினால் நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டியது, ஏற்கெனவே ஒருமுறை நொறுங்கியிருந்தது. அதன் மேல் யாரோ ரெசினை அப்பி, பிரஷ்ஷால் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிரஷ்ஷின் ஒரு மயிர் பெயிண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அலுமினியச் சட்டம் மடங்கவில்லை. அது மடங்கியிருந்தால் அடித்து நிமிர்த்த வழியே இல்லை, சேசிஸையே மாற்ற வேண்டும். அந்த அளவில் தப்பித்தேன். கேஸ்கெட் வேலைக்கு 2,300, முன்பகுதிக்கு 5,900. ஆக 8,200 பவுண்டு.

எம்ஓடி என்ற வருடாந்தர வண்டிச் சோதனை இருந்ததே, வண்டியின் பழைய பதிவுகளைத் தேடித் தரும் ஹெச்பிஐ பார்த்தாயே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன். எம்ஓடி பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலைமை அந்தச் சோதனையிலேயே கிடையாது. ஹெச்பிஐ-யில் கடன், திருட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய வண்டியா என்பதெல்லாம் வரும். இடித்தவர் கிளைமே போடாமல் கையைவிட்டுச் செலவழித்து ஒட்டிக்கொண்டால் அது எந்தப் பதிவிலும் ஏறாது. என் வண்டி காகிதத்தில் பச்சைக் குழந்தை.

சட்டத்தில் கோட்டை விட்டது தனிக் கதை. தனியாளிடம் வாங்கினால் இங்கே உங்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. சொன்னது ஒன்று, விற்றது ஒன்று என்று நிரூபிக்க வேண்டும். வியாபாரி என்றால் 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் கோளாறான வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் கணக்கு. இல்லை என்று நிரூபிப்பது வியாபாரி பொறுப்பு. "பார்த்தபடி விற்றது" என்று வியாபாரி எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. வியாபாரி தனியாள் வேஷம் போடுவதே குற்றம். நானோ, தனியாளிடம் வாங்கினோம், விதி என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, அந்த ஆளோட நம்பரை அப்படியே தேடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டது என் மனைவி. தேடினேன். அதே எண்ணில் ஒரு வேன், ஒரு கோல்ஃப், இரண்டு மினி. எல்லாமே நண்பர்களுக்காக. அன்று நாற்பத்திரண்டாம் நாள்.

செல்போனில் இருந்த லாக்புக் படத்தைப் பார்த்துப் பழைய உரிமையாளருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரும் என்று நம்பவில்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். ஸ்பெயினுக்கெல்லாம் போகவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறார். வண்டி சூடாகிறது, கேஸ்கெட்டாக இருக்கலாம், ஒரு தடவை கல்கம்பத்தில் இடித்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்தாராம். "சரிபண்ணித்தான் விற்பேன் என்றானே" என்றார் பாவம். எழுத்தில் தரவும் சம்மதித்திருக்கிறார்.

எம்ஆர்2 விளம்பரத்தைப் பார்த்துக் கை அரிக்கும் ஆட்களுக்கு: 1999 முதல் 2007 வரை வந்த இந்த மாடலில் கேஸ்கெட் பயம் இல்லை, வேறு இரண்டு உண்டு. எக்ஸாஸ்ட் குழாயின் தொடக்கத்திலேயே இருக்கும் சின்ன கேடலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பொடிந்து, அந்தத் துகளை எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ஆரம்ப கால வண்டிகளில் பிஸ்டன் ரிங்காலேயே ஆயில் குறைவதும் உண்டு. இன்னொன்று, பின்பக்கத்துக் குறுக்குச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று புதுக் கறுப்பு பெயிண்ட் தெரிந்தால் சந்தோஷப்படாமல் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்திப் பாருங்கள். அதற்கு விடமாட்டேன் என்றால் பஸ் பிடித்து வீட்டுக்கு வாருங்கள். வாங்குவதற்கு முன் இருநூறு, முந்நூறு பவுண்டு கொடுத்து அந்த மாடல் தெரிந்த ஒருவரை வைத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அது அன்று தண்டச் செலவாகத் தெரிந்தது.

எலிஸ் இப்போதும் பட்டறையில்தான், முன் ஓடு கழற்றித் தனியே சுவரில் சாத்தியிருக்கிறது. கேஸ்கெட் வேலையை மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். நீல ஷட்டர் கொட்டகையை அந்த ஆள் காலி செய்துவிட்டார், போன் எண்ணும் மாறிவிட்டது. இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை சிறு வழக்காகப் போடலாம். என் தொகைக்குக் கட்டணம் 455 பவுண்டு. படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. பிரதிவாதியின் முழுப் பெயர், முகவரி என்று முதலிலேயே கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது செத்துப்போன ஒரு போன் எண், ஒரு பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு, காபிக் கறை பட்ட ஃபைலின் போட்டோ. எம்ஆர்2 பார்க்க வருகிறேன் என்று எதிர்வீட்டு அண்ணை நேற்று அந்த விளம்பரத்தில் இருந்த புது எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி முகவரி அனுப்பியிருக்கிறார்கள்.