காணி புரோக்கர் வேலைக்கு பிளாக்கும் கூகுளும் – பண்டாரவளையில ஏழு வருசம் பாவிச்சுப் பாத்த அனுபவம்

வாட்ஸ்அப்ல ரெண்டு மூணு தம்பிமார் கேட்டுட்டே இருந்தாங்க, "அண்ணே இந்த பிளாக் எழுதுறது, கூகுள்ல மேல வர்றது, இதெல்லாம் நெசமாவே கொமிசன் கொண்டு வருதா இல்ல ரீலோட் காசுக்குத்தான் கேடா"ன்னு. எல்லாரும் இலங்கை மலைநாட்டுல வெலிமடை, ஹப்புத்தளை பக்கம் காணி, வீடு பாத்துக் குடுக்குற பொடியங்க. ஒவ்வொருத்தனுக்கும் வொய்ஸ் போட்டுப் போட்டு தொண்டை போச்சு, அதான் ஒரேயடியா எழுதிர்றேன். 2018 நடுவுல தொடங்குனது, இன்னும் ஓடுது.

அதுக்கு முன்ன நம்ம வேலை எப்டின்னா, டீக்கடை, நொத்தாரிசு வாசல், த்ரீவீல் பார்க், இந்த மூணு எடத்துலயும் காதைக் குடுத்துட்டு நிக்கிறதுதான். சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன்தான் பிளாக்கர்ல சும்மா ஒண்ணு தொறந்து குடுத்தான், காசு இல்லையே, போனுலயே எழுதலாமேன்னு. நானும் எழுதுனேன். என்ன எழுதுனேன்? "பண்டாரவளையில் 20 பேர்ச் காணி விற்பனைக்கு, அழகிய இயற்கைக் காட்சி, தண்ணீர் மின்சார வசதி உண்டு". இதே மாதிரி நாப்பது. அஞ்சு மாசத்துல வந்த கோல் ரெண்டு, அதுல ஒண்ணு இன்னொரு புரோக்கர்.

கூகுள் மெப்புல நம்ம பேரு வரணும்னு பதிஞ்ச கதையையும் சொல்லணும். அப்ப அதுக்குப் பேரு மை பிஸ்னஸ், 2021 கடைசில பிஸ்னஸ் ப்ரொஃபைல்னு மாத்திட்டாங்க. நாம சொன்ன விலாசத்துல நாம இருக்கமான்னு பாக்க அப்ப தபால்ல ஒரு காட் அனுப்புனாங்க, அதுல இருக்குற ரகசிய நம்பரை கூகுள்ல அடிக்கணும். நான் வீட்டு விலாசத்தைக் குடுத்துட்டேன். நம்ம தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடு) ஏது நம்பர், ஏது தெருப் பேரு, டிவிசன் பேரையும் தோட்டத்துப் பேரையும் போட்டேன். காட் தோட்டத்து ஆபிசுக்கு வந்து கட்டோட கட்டா கெடந்துருக்கு. ஒரு நாள் காலைல பிரட்டுல (வேலைக்குப் பேர் குடுக்குற எடம்) வச்சு அம்மா கையில குடுத்து விட்டாங்க, மூலையில டீக்கறையோட. அந்த நம்பர் 30 நாளைக்குத்தான் செல்லும், எனக்கு வந்தது 41வது நாள். வீட்டு நம்பரும் தெருப் பேரும் இருக்குறவனுக்கு சுளுவா வேலை முடியிற எடத்துல நமக்கு விலாசமே இல்லங்கிறது அப்பதான் ஒறைச்சுச்சு. பொறவு டவுன்ல மாடியில ஒரு சின்ன ரூம் எடுத்து அந்த விலாசத்துக்கு ரெண்டாவது காட் வரவச்சுத்தான் பதிஞ்சேன். ரூம் எடுக்க வசதி இல்லாத தம்பிமார் விலாசத்தை மறைச்சுட்டு நீங்க வேலை பாக்குற ஊர்களை மட்டும் போடலாம், அது கூகுளே விட்ட வழி. இல்லாத ஆபிசை மெப்புல குத்தி வைக்காதீங்க, ஒருத்தன் ரிப்போர்ட் பண்ணா எல்லாமே போயிரும்.

இனி என் முட்டாள்தனம். 2020ல கொரோனா ஊரடங்கு நேரம் கையில வேலை இல்ல, அப்ப கொழும்புல இருந்து ஒரு ஆள் பேசுனாரு, மூணு மாசத்துல முதல் பக்கத்துல நிப்பாட்டுறேன், 45,000 ரூவா. பேரு வேணாம், அந்த நம்பர் இப்ப வேலை செய்யிறதும் இல்ல. பாதிக் காசு முன்னாடியே குடுத்தேன். அவரு என்ன பண்ணாருன்னா பண்டாரவளை காணி, தியத்தலாவை காணி, எல்ல காணி, தெமோதரை காணின்னு ஊருக்கு ஒரு பக்கம், உள்ள ஒரே எழுத்து, ஊர்ப் பேரு மட்டும் வேற. பொறவு, நெறைய சைட் நம்ம பக்கத்துக்கு வழி காட்டுனா கூகுள் மேல தூக்கும்னு, எங்கெங்கயோ சூதாட்ட சைட்டு, மருந்து விக்கிற சைட்டுல எல்லாம் என் லிங்கைக் கொண்டு போய் ஒட்டிட்டாரு. நெசத்தைச் சொல்றேன், ஆறு கிழமைக்கு ஏறுச்சு, நானும் பொண்டாட்டிகிட்ட போனைக் காட்டி பெருமை அடிச்சேன். ஏழாவது கிழமை சேர்ச் கொன்சோல்ல (நம்ம சைட்டைப் பத்தி கூகுள் நமக்குக் காட்டுற எடம்) ஒரு செவப்புக் கடுதாசி, லிங்க் இயற்கையா இல்ல, ஆளே நேரா பாத்துத் தண்டனை போட்ருக்கோம்னு. அதுக்கப்பறம் என் பேரை முழுசா அடிச்சாக்கூட நான் வரல்ல. காசு குடுத்து லிங்க் சேக்குறவனைப் பிடிக்க கூகுள் 2012லயே பென்குயின்னு ஒரு திருத்தம் கொண்டு வந்துருச்சு, அந்தாளு 2020ல என்கிட்ட வித்தது எட்டு வருசத்துக்கு முன்ன செத்துப்போன வித்தை. ஊர்ப் பக்கம் எல்லாத்தையும் அழிச்சு, கெட்ட லிங்க் எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்து இது வேணாம்னு குடுத்து, மன்னிப்புக் கடுதாசி மாதிரி ஒண்ணு எழுதி, வெளிய வர்றதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

ஆனா எனக்கு அதைவிட வலிச்சது வேற, அது கூகுள் குடுத்த தண்டனையும் இல்ல.

தண்டனை தீந்து கொஞ்சம் எழும்புன நேரம், கினிகம பக்கம் ஒரு 15 பேர்ச் துண்டு, நல்ல வெலை, அதுக்கு எழுதுன பக்கம் கூகுள்ல நல்லா மேல நின்னுச்சு. காணி வித்துப் போச்சு. ஆனா பக்கத்தை எடுக்க மனசு வரல்ல, கோல் வருதே, வர்றவங்களுக்கு வேற காணியைக் காட்டலாமேன்னு அப்டியே விட்டேன். எல்லா புரோக்கரும் பண்றதுதான். ஒரு சனிக்கிழம பொகவந்தலாவையில இருந்து ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் கோல் கூடப் பண்ணாம வந்து எறங்கிட்டாங்க. விடியக்காலைல பஸ் ஏறி ஹட்டன் வந்து, கோச்சி புடிச்சு, நின்னுக்கிட்டே பண்டாரவளை வரைக்கும். ரெண்டு பேரும் தோட்டத்துல வேலை செஞ்சு நின்னவங்க, இபிஎப் ஈடிஎப் காசு (வேலையை விட்டா கெடைக்கிற சேமிப்பு) வந்துருக்கு, லயத்தை விட்டு சொந்தமா ஒரு துண்டுல போய் இருக்கணும்னு ஆசை. பேத்தி போன்ல எடுத்த அந்தப் பக்கத்தை டவுன்ல பிரிண்ட் அடிச்சு, நாலா மடிச்சு, சேட்டுப் பையில வச்சிருந்தாரு. விரிச்சுக் காட்டி "இதத்தான் தம்பி பாக்க வந்தோம்"ன்னாரு. நான் அது இப்பதான் போச்சுங்கய்யான்னேன். இப்பதான்னு சொன்னேன், நாலு மாசம் ஆச்சு. அந்தம்மா ஒண்ணும் சொல்லல்ல, பைக்குள்ள இருந்து ரொட்டியை எடுத்து அவருக்கு ஒண்ணு குடுத்து எனக்கும் ஒண்ணு நீட்டுனாங்க.

அன்னிக்கு ராத்திரியே 22 பக்கத்துல "வித்தாச்சு"ன்னு செவப்புல போட்டேன். அழிக்கல்ல, ஏன்னா என்ன வெலைக்கு எந்த மாதிரிக் காணி போச்சுன்னு வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு கெடைக்கும், ஆனா தலைப்புலயே தேதியோட போட்டுருவேன். கோல் கொறையும்னு பயந்தேன், கொறைஞ்சதுதான், ஆனா வந்த கோல்ல சும்மா பேசுறவங்க இல்லாமப் போனாங்க.

எழுதுறதையும் மாத்துனேன். சேர்ச் கொன்சோல்ல சனம் என்னத்தை அடிச்சுத் தேடி நம்மகிட்ட வருதுன்னு ஒரு லிஸ்ட் காட்டும், காசு இல்ல, தம்பிமாரே அதை மட்டும் கிழமைக்கு ஒருக்கா பாருங்க. "ஜயபூமி ஒப்பு காணி வாங்கலாமா", "தோட்டக் காணி ஒப்பு எடுக்க ஏலுமா", "ஒரு பேர்ச் எத்தனை சதுர அடி", பாதி தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சது. ஒருத்தரும் "அழகிய இயற்கைக் காட்சி"ன்னு தேடல்ல. அவங்க கேட்டதுக்கு ஒவ்வொண்ணா எழுதுனேன். ஜயபூமி, ஸ்வர்ணபூமி எல்லாம் அரசாங்கம் சனத்துக்குக் குடுத்த காணி ஒப்பு (காணிப் பத்திரம்), 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்தது, பிரதேச செயலாளர் அனுமதி இல்லாம விக்க ஏலாது, "நாம ஒரு அக்ரிமெண்ட் எழுதிக்கலாம்"னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துருங்கன்னு எழுதுனேன். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்துல ஆளுக்கு 50 ஏக்கர்னு எல்லை வச்சு மிச்சத்தை அரசாங்கம் எடுத்துச்சு, 1975ல கம்பனித் தோட்டங்களும் போச்சு, அப்டிப் போன தோட்டத்து ஓரத்தை தனியார் காணின்னு சொல்லித் தள்ளுறவங்க நம்ம பக்கம் இருக்காங்க, அதனால லோயரை வச்சு 30 வருசப் பதிவையாவது பாருங்கன்னு எழுதுனேன். முத்திரை வரிக் கணக்கும் போட்டேன், முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், 30 லட்சத்துக் காணின்னா 1,19,000 ரூவா, நொத்தாரிசு காசு வேற. இது தெரியாம கையில இருந்த மொத்தத்தையும் அட்வான்ஸ் குடுத்துட்டு முழிக்கிறவங்க நெறையப் பேரு.

வேடிக்கை என்னன்னா கூட்டம் அதிகம் வர்றது பேர்ச் கணக்குப் பக்கத்துக்குத்தான் (272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர்). தமிழ்நாட்டுல இருந்தெல்லாம் வந்து "சென்ட்டுல சொல்லுங்க"ன்னு கேக்குறாங்க, 0.625 சென்ட்னு அதையும் போட்டுவிட்டேன். அதால ஒரு ரூவா கொமிசன் வந்ததில்ல. ஜயபூமிப் பக்கத்துக்கு மாசம் நூறு பேரு வந்தா பெரிசு, ஆனா கோல் எடுத்து "நீங்கதானே அதை எழுதுனது"ன்னு கேட்டு காணி வாங்குனவங்க அதுல இருந்துதான். வாங்காதீங்கன்னு எழுதுன ஆள்கிட்ட வாங்க வர்றாங்க, எனக்கே வெளங்கல்ல முதல்ல.

விக்கிற காணிக்கும் இப்ப ரெண்டு படம் கட்டாயம் போடுவேன். ஒண்ணு ரோட்டுல இருந்து சரிவு தெரியிற மாதிரி, ஏன்னா மேல நின்னு எடுத்தா எந்தக் குத்துச் சரிவும் மைதானம் மாதிரித்தான் தெரியும். இன்னொண்ணு தண்ணி வர்ற எடம், பீலியா, கெணறா, பைப்பா. மாசி பங்குனில பீலி வத்துமான்னு பக்கத்து வீட்டுல கேட்டு அதையும் எழுதுறேன். காணிக்காரர் ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வேற புரோக்கர்கிட்ட போய்ட்டாங்க, போகட்டும்.

கூகுள் விளம்பரம் பத்திச் சுருக்கமா. முதல் மாசம் 28,000 ரூவா போச்சு, சித்திரை மாசம், நுவரெலியா சீசன். "நுவரெலியா வீடு"ன்னு தேடுன அத்தனை பேரும் ரெண்டு நாளைக்கு பங்களா எடுக்க வந்த சனம், அவங்க கிளிக்குக்கு நான் காசு கட்டியிருக்கேன். பொறவுதான் வாடகை, ஹோட்டல், ரூம், ஒரு நாள் இந்த மாதிரிச் சொல்லு வந்தா காட்டாதேன்னு போட்டேன், அதுக்குத் தனி எடமே இருக்கு. இப்ப காணி கையில இருக்குற மாசம் மட்டும் கொஞ்சம் போடுறேன். 2022ல ரூவா விழுந்து, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுன நேரம், லண்டன், டொராண்டோவுல இருந்து கோல் மேல கோல், டொலருக்கு 360 வருது அண்ணே ஒரு துண்டு பாருங்கன்னு. அதுல பாதிப் பேரு இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவங்க, 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை நேரா எழுதி வாங்க ஏலாது, இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா பரவால்ல. விளம்பரத்துலயே அதைப் போட்டுட்டேன். "மச்சான் பேர்ல எழுதிக்கலாமே"ன்னு கேட்டவங்ககிட்ட நான் கை வைக்கல்ல, அது பின்னாடி எந்தக் கோர்ட்டுல போய் முடியும்னு பாத்தாச்சு.

ரிவியூ. ஆரம்பத்துல சொந்தக்காரங்க ஒம்பது பேரை ஒரே ராத்திரி அஞ்சு ஸ்டார் போடச் சொன்னேன், எல்லாம் ஒரே வைபைல, ஒரு கிழமைல ஒம்பதும் காணாமப் போச்சு. காசு, கழிவு குடுத்து ரிவியூ வாங்குறதும் அவங்க சட்டத்துல தப்பு. இப்ப இருக்குறது கொஞ்சம்தான், அதுல ஒரு டீச்சரம்மா மூணு ஸ்டார் போட்டு "சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஆனால் காணி பற்றிப் பொய் சொல்லவில்லை"ன்னு எழுதியிருக்காங்க. பொண்டாட்டி அதை எப்டியாவது எடுக்கச் சொன்னா. வர்ற ஆள்ல முக்காவாசி அதைப் படிச்சுட்டுத்தான் பேசுறாங்க, சிரிச்சுக்கிட்டே "நேரத்துக்கு வருவீங்களா"ன்னு.

2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி எல்லாம் மண்சரிவு வந்த பொறவு தேடுற சொல்லே மாறிருச்சு. எல்லாம் "மண்சரிவு வராத எடம்", "என்பிஆர்ஓ கடிதம் எப்படி எடுக்கிறது". 2014ல கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவுல போன நேரம்கூட நம்ம ஆளுங்க இப்டித்தான் கேட்டாங்க, அப்ப பதில் எழுதி வைக்க எனக்கு எடம் இல்ல. இந்தத் தடவை ரெண்டு மூணு விளம்பரம் பாத்தேன், "100 வீதம் மண்சரிவு அபாயம் அற்ற காணி". எவன் அந்த உத்தரவாதத்தைக் குடுத்தான்? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து (அதான் என்பிஆர்ஓ) ஆளுங்க வந்து பாத்துக் குடுக்குற கடுதாசிதான் கதை, அதுலயும் இப்டிக் கட்டு, இங்க வெட்டாதேன்னு நிபந்தனை இருக்கும். "இப்ப விளம்பரம் போட்டா அள்ளலாம்"னு ஒருத்தர் எனக்கும் சொன்னாரு. ரெண்டு மாசம் விளம்பரத்தை முழுசா நிப்பாட்டிட்டு அந்தக் கடுதாசி எடுக்குற விதத்தை மட்டும் எழுதி மேல வச்சேன். கொமிசன் இல்லாத ரெண்டு மாசம், வீட்டுல பேச்சும் வாங்குனேன்.

சரி, கணக்கு. வெப்சைட் பேருக்கும் எடத்துக்கும் வருசத்துக்கு ஒருக்கா கட்டுறேன், மிச்சம் என் நேரம், கிழமைக்கு ரெண்டு ராத்திரி. கடைசி வருசம் நான் முடிச்சுக் குடுத்த பதினொரு காணில ஏழு கூகுள் வழியா வந்தது, நாலு பழைய டீக்கடை வழி. முதல் ரெண்டு வருசம் சும்மாதான் போகும், அதைத் தாங்க ஏலாதவங்க ஆரம்பிக்க வேணாம். இப்ப வேற கூகுளே மேல பதிலை எழுதிக் காட்டுது, சனம் அதை மட்டும் படிச்சுட்டுப் போயிருது, பேர்ச் கணக்குப் பக்கத்துக்கு வர்ற ஆள் பாதியாப் போச்சு. அது போனா எனக்கு நட்டம் இல்லன்னு வைங்க.

பொகவந்தலாவைப் பெரியவருக்கு இன்னும் காணி அமையல்ல. அவர் வெலைக்கு வர்றதுக்கு ஒப்பு சரியில்ல, ஒப்பு சரியா இருக்குறது அவர் வெலைக்கு வரல்ல. ஞாயித்துக்கிழமைல கோல் எடுப்பாரு, பேத்தி நம்ம பக்கத்தை வாசிச்சுக் காட்டுமாம். போன கிழமையும் எடுத்து, "தம்பி, அந்தக் கினிகம துண்டு வித்தாச்சுன்னு போட்ருக்கியே, அதுக்குப் பக்கத்துல ஏதாச்சும் இருக்குமா"ன்னு கேட்டாரு. இல்லங்கய்யான்னேன். தெமோதரைப் பக்கம் ஒரு 12 பேர்ச் இருக்கு, பதிவு தேட லோயர்கிட்ட குடுத்துருக்கேன், வந்தாத்தான் சொல்லணும்.