பழைய ஸ்மித் அண்ட் வெசன் .32: நிக்கல் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள்

ஸ்மித் அண்ட் வெசனின் நிக்கல் பூசிய பழைய ஹேண்ட் எஜெக்டர் ரிவால்வர் (சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்து, காலித் தோட்டாக்களைக் கையால் தள்ளி எடுக்கும் வகை) விலைக்கு வந்தால் முதலில் ட்ரிகரையும், பின்னால் இழுத்துவிடும் சுத்தியலான ஹேமரையும் பாருங்கள். கம்பெனி வழக்கமாக அந்த இரண்டுக்கும் நிக்கல் பூசுவதில்லை. சூட்டில் கடினப்படுத்தியதால் வந்த, நீலமும் பழுப்பும் கலந்த நிறம்தான் இருக்கும். அவையும் வெள்ளையாக மின்னினால் பெரும்பாலும் பிற்பாடு போட்ட மறுபூச்சு. பேரல் எழுத்து மங்கி, திருகுத் துளையின் ஓரம் குழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பாலிஷ் சக்கரம் இரும்பைத் தின்றிருக்கிறது. சேகரிப்பாளர் கொடுக்கும் விலை இதற்குக் கிடைக்காது.

குளச்சல், முட்டம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில், அதுவும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், தோல் உறைக்குள்ளேயே கிடந்த ரிவால்வர்தான் மோசமாகக் கெடும். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூச்சின் ஊசித்துளை வழியே துரு இறங்கி, நிக்கல் கொப்பளித்து உரியும். நகத்தால் தடவினால் உரிந்த விளிம்பு தட்டும். துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வைப்பதே நல்லது.

தோட்டா போடும் சிலிண்டரின் ஆறு அறையும் காலி என்று பார்த்தபின் ஹேமரை மெல்ல இழுங்கள். அது பின்னால் நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு முறையும். கைப்பிடியின் அடி, சிலிண்டரின் பின்முகம், பேரலின் அடிப்புறம் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் பாகம் மாற்றியிருக்கலாம்.

கொஞ்சம் தேய்ந்த அசல் பூச்சு, புதுசாய் மின்னும் மறுபூச்சைவிட எப்போதும் மேல். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, உரிமத்தை முடித்துவிட்டு விலை பேசுங்கள்.