ரிப்பேருக்குக் கொடுத்த ஆம்ப்பில் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டார்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கிடார் ஆம்ப் (கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். காந்திபுரம் பக்கம் ஒரு கடையில், மாற்றாத ட்ரான்ஸ்ஃபார்மருக்கு என்னிடம் பணம் வாங்கியதோடு, நன்றாக இருந்த ஸ்பீக்கரையும் கழற்றிக்கொண்டார்கள்.

எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா பிராக்டீஸ் செய்யும் இடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை ஒட்டியது. வாசிக்கும்போதே ஆம்ப்பில் சத்தம் திடீரென்று கம்மியாகிவிடும். பல தந்திகளைச் சேர்த்து ஓங்கி ஒரு கார்டு அடித்தால் திரும்ப வந்துவிடும். லைட் எரிந்தது, கருகிய வாடை இல்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு, “ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருச்சுங்க, புதுசுதான் போடோணும்” என்றார். மாரியம்மன் நோம்பிக் கச்சேரி நெருங்கிவிட்டதால் சரி என்றேன். 6,500 ரூபாய். மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டுதான் பில். பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைக் கேட்டதற்கு, “பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க” என்று பதில்.

கச்சேரியில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் சத்தம் வந்தது. பாதியில் பழைய கோளாறும் வந்துவிட்டது. பாடியவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

அப்புறம் பொள்ளாச்சியில் சவுண்டு சர்வீஸ் செட்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். என் ஆம்ப்பின் பின்னால், சத்தத்தின் தன்மையை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடலை இணைக்க சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் (பிளக் செருகும் துளை) உண்டு. அவற்றை ஒரு சின்ன கேபிளால் இணைத்தார். சத்தம் முழுசாக வந்தது. ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் செருகாதபோது, அதற்குள் இருக்கும் ஒரு சின்னத் தகடு வழியாகத்தான் சிக்னல், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் பகுதிக்குப் போகிறது. பஞ்சுத் தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தத் தகட்டில் களிம்பு பிடித்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைச் சில தடவை செருகி எடுத்ததில் சரியாகிவிட்டது. “ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருந்தா லைட்டே எரியாதுங் தம்பி” என்றார்.

பின்பலகையைக் கழற்றியதும்தான் வயிறு எரிந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் திருகாணிகளின் மேல் கம்பெனியில் வைத்த பெயிண்ட் அடையாளம் அப்படியே இருந்தது. யாரும் தொடவே இல்லை. ஸ்பீக்கர்தான் பேர் தெரியாத ஏதோ ஒன்று. மல்டிமீட்டர் வைத்ததில் மூன்றரை ஓம்தான் காட்டியது, அதாவது 4 ஓம் ஸ்பீக்கர். என்னுடையது 8 ஓம். அது ஆறு, ஏழு ஓமாவது காட்ட வேண்டும். குறைந்தது 8 ஓம் என்று போட்டிருக்கும் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் 4 ஓம் மாட்டினால் கரண்ட் அதிகமாக இழுத்து பவர் ஐசி (ஸ்பீக்கரை இயக்கும் சிப்) சூடேறும். இன்னும் சில கச்சேரி வாசித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

சத்தம் விட்டுவிட்டு வந்தால், உங்கள் ஆம்ப்பில் அந்த இரண்டு ஜாக்கும் இருந்தால், கடைக்குப் போகும் முன் அந்தக் கேபிள் சோதனையைச் செய்துபாருங்கள். கொடுக்கும்போது ஸ்பீக்கரின் பின் லேபிளைக் கடைக்காரர் கண் முன்னாலேயே போட்டோ எடுங்கள். பாகத்தின் பெயர் போட்ட பில்லும் கழற்றிய பழைய பாகமும் கொடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகள் உள்ள வால்வு ஆம்ப் என்றால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

கடைக்காரரிடம் கேட்டால் “ஸ்பீக்கரை நாங்க தொடவே இல்லீங்க” என்கிறார். ஆம்ப் வாங்கியபோது எடுத்த போட்டோவில் பழைய ஸ்பீக்கரின் லேபிள் தெளிவாகத் தெரிகிறது. அதையும் துண்டுச்சீட்டையும் வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணமும் ஸ்பீக்கரும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.