ஆடிட்டர் செய்த பிழைக்கு வழக்கு: 2 வருடமா, 3 வருடமா, 7 வருடமா?

பலர் கோட்டைவிடுவது எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான். சம்பளக்காரர் ஒருவருக்குப் பங்கு விற்றதில் 6 லட்சம் நஷ்டம். 2023 ஜூலை 31-க்குள் போட வேண்டிய ரிட்டர்னை ஆடிட்டர் ஆகஸ்டில் போடுகிறார். கெடு தாண்டியதால் அந்த நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோக முடியாது. இவருக்கு அது தெரிவது 2024-ல், லாபத்தில் கழிக்கப் பார்க்கும்போது.

சிவில் கோர்ட்டில் 3 வருடம். காலவரம்புச் சட்டத்தின் 55-வது இனப்படி ஒப்பந்தம் மீறப்பட்ட நாளே தொடக்கம்; தெரியவந்த நாள் அல்ல. ஆக, கெடு தவறிய 2023 ஜூலையிலிருந்து எண்ணினால் 2026 ஜூலையோடு முடிகிறது. அதன்பின் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் எடுபடாது, வழக்குகளுக்குப் பிரிவு 5 பொருந்தாது. எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்தாக வேண்டும். இங்கே உதவக்கூடிய முக்கிய விலக்கு பிரிவு 17: போலி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்து மறைத்தது போன்ற மோசடி இருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் வருமான வரி போர்ட்டலில் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடம்தான். ஆனால் தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69 இடம் தருகிறது. செலவும் குறைவு. இங்கே கணக்கில் வருவது நீங்கள் ஆடிட்டருக்குக் கொடுத்த கட்டணம், உங்கள் நஷ்டம் அல்ல. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே இல்லை. தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டில் 6 லட்சம் கேட்டு வழக்குப் போட்டால் 3 சதவீதம், 18,000 ரூபாய். சொந்த வருமான வரி விஷயம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதுதான் சரி. வியாபாரக் கணக்கு, ஜிஎஸ்டி என்றால் ‘வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை, இவர் நுகர்வோரே அல்ல’ என்ற ஆட்சேபம் வரும். வியாபாரிகள் சிவில் கோர்ட்டை நம்புவதே நல்லது.

ஆடிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐசிஏஐ-யில் படிவம் 1-ல் புகார் கொடுக்கலாம். 7 வருடம் கடந்த புகாரை, சாட்சியம் திரட்டுவது கடினம் என்று கருதினால் ஏற்க மறுக்கலாம். இந்த நீண்ட கெடுதான் ஆளை ஏமாற்றும். அங்கே ஆடிட்டரைத் தண்டிக்கலாம், உங்களுக்கு இழப்பீடு கிடைக்காது. அந்த விசாரணை நடக்கும்போது மற்ற இரண்டு கெடுக்களும் ஓடிக்கொண்டே இருக்கும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும், “பாத்துக்கலாம் சார்” என்று ஆடிட்டர் போனில் சொன்னாலும் அவை நிற்காது.

ஒப்பந்தக் கடிதத்தில் ‘6 மாதத்துக்குள் மட்டுமே வழக்குத் தொடரலாம்’ என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 28-படி அது செல்லாது.