கிளாசிக் மோட்டார் குரூசருக்கு ஒரு குட்டி மர டிங்கி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

மரத்தில் கட்டிய பழைய மோட்டார் குரூசருக்கு (கேபின் உள்ள பயணப் படகு) டிங்கி, அதாவது கரைக்குப் போய்வரும் சின்னத் துணைப்படகு, தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அழகை. வார்னிஷ் மினுங்கும் கிளிங்கர் படகு (பலகைகளின் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் வகை) ஒன்று கண்ணில் பட்டால் மனம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் துணைப்படகு தண்ணீரில் மிதக்கும் நேரத்தைவிடத் தாய்ப்படகின் மேல் ஏறிக் கிடக்கும் நேரமே அதிகம். எங்கே கிடக்கப்போகிறது, யார் தூக்கி இறக்குவார்கள், ஒரே மூச்சில் எத்தனை நாள் வெயிலில் காயும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் எந்தப் படகு என்ற பேச்சுக்கே வரவேண்டும். வெவ்வேறு முறையில் கட்டிய டிங்கிகளைப் பல பருவங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்.

அளவுநாடாவோடு கேபின் கூரைமேல் ஏறுங்கள். ஹேட்ச், காற்றுக்குழாய், மாஸ்ட் அடிக்கட்டை, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 9 அல்லது 10 மீட்டர் குரூசரில் மிஞ்சுவது பெரும்பாலும் 2.1 முதல் 2.5 மீட்டர்தான். கவிழ்த்து வைத்த டிங்கி கூரைக்கு மேல் அரை மீட்டர் வரை எழும்பும். வாங்குவதற்கு முன் மெல்லிய மரச்சட்டங்களால் அதே நீளம், அகலம், உயரத்துக்கு ஒரு கூடு கட்டிக் கூரைமேல் வைத்து, ஸ்டீயரிங் முன்னால் நின்று பாருங்கள். முன்னால் வரும் சின்னப் படகு மறைகிறது என்றால் அந்த டிங்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் படகுக்கு ஆகாது.

அடுத்தது எடை. பாரம்பரிய முறையில் செம்பு ரிவெட் அடித்துக் கட்டிய 8 அடி கிளிங்கர் டிங்கி 50 முதல் 60 கிலோ வரும். அதே அளவில் 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டை எபாக்ஸிப் பிசினால் ஒட்டிக் கட்டியது 30 முதல் 40 கிலோ. தாளில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் குறுகலான, அடிப்பாகம் உருண்ட பழைய குரூசரின் கூரையில் அந்த 20 கிலோ உயரத்தில் போய் உட்காரும்போது பக்கவாட்டு ஆட்டத்தில் உணர முடியும். தூக்குவதிலும் அப்படித்தான். மாஸ்டில் பூம் (பக்கவாட்டில் நீளும் கம்பம்) பொருத்தி நாலு மடங்குக் கப்பி போட்டால், 35 கிலோ டிங்கியை உராய்வையும் சேர்த்து 12 கிலோ அளவு இழுப்பில் ஒருவரே ஏற்றிவிடலாம். 60 கிலோ என்றால் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். இன்னொருவர் எப்போதும் இருக்கமாட்டார்.

பாரம்பரிய கிளிங்கரை வேண்டாம் என்று சொல்ல எடை மட்டுமே காரணமல்ல. அதன் பலகைகள் நனைந்து ஊதி, ஒன்றோடொன்று இறுகித்தான் தண்ணீரை நிறுத்துகின்றன. கூரையில் இரண்டு வாரம் காய்ந்தால் சுருங்கி, மேலடுக்குகள் வாய் பிளக்கும். இறக்கியவுடன் எல்லாப் பக்கமும் ஒழுகும். மறுபடி ஊதி நிற்க ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். கரைக்குப் போய்வர அவசரமாக இறக்கும் படகுக்கு இது பொருந்தாது. அந்தப் பிளவுகளில் சீலன்ட் அடைத்துவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். காய்ந்த நிலையில் அடைத்த படகைத் தண்ணீரில் விட்டதும் பலகை ஊதும். ஊதுவதற்கு இடமில்லாமல் ரிவெட்டை இழுக்கும், வளைசட்டங்களை உடைக்கும். அந்த வகைப் படகு எப்போதும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும், அல்லது நிழலில் ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். அதற்கு வசதி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். துடுப்புக்கு அதைவிட இனிமையாக ஓடும் சின்னப் படகு கிடையாது.

மற்றவர்களுக்குப் பிளைவுட்தான். 1962-இல் வடிவமைத்த மிரர் டிங்கி, பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து இணைப்பில் பிசினும் கண்ணாடி இழை நாடாவும் ஒட்டும் முறையை வீட்டுப் பட்டறைகளுக்குக் கொண்டுபோனது. இந்தத் தையல் முறையில் கட்டிய டிங்கிகள் மலிவு, வேலை வேகம். ஆனால் தட்டையான பக்கங்கள் பழைய குரூசரின் வளைவுகளுக்கு அருகில் எடுபடாது. கண்ணுக்கும் கைக்கும் ஒருசேரப் பொருந்துவது, கிளிங்கர் போலவே பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று 20 மில்லிமீட்டர் ஏறவைத்து எபாக்ஸியால் ஒட்டிய பிளைவுட் படகு. காய்ந்தாலும் சுருங்காது, உள்ளே வளைசட்டங்கள் குறைவு என்பதால் துடைத்து உலர்த்துவதும் சுலபம். பிளைவுட் பிஎஸ் 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) தரமா என்று கேளுங்கள். அடிப்பாகத்தில் சதுர மீட்டருக்கு 200 கிராம் கண்ணாடி இழைத் துணி போட்டிருந்தால் கூழாங்கல் கரையில் இழுப்பதற்குத் தாங்கும்.

எபாக்ஸி படகில் நிறம் வெறும் ரசனை விஷயமில்லை. குரூசரோடு பொருந்த வேண்டும் என்று கருநீலம் அடிக்கத் தோன்றும். கவிழ்த்து வைத்த படகின் அடிப்பாகம் நாள் முழுக்க வெயிலில் நிற்கும். சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடர் நிறம் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். வெள்ளை, இளமஞ்சள், வெளிர் சாம்பல் போதும். வார்னிஷைப் பின்பலகை, விளிம்புக் கட்டை, உட்காரும் பலகை மூன்றோடு நிறுத்துங்கள். படகு முழுக்க வார்னிஷ் என்றால் ஆண்டுதோறும் 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து இரண்டு கோட் அடிக்கும் வேலை உங்களை விடாது. எபாக்ஸியைப் புற ஊதாக்கதிர் அரிக்கும் என்பதால் அதை மேல்பூச்சில்லாமல் விடவும் முடியாது. பெயின்ட் தகடு தகடாக உரிந்தால் பெயின்ட்டைத் திட்ட வேண்டாம்: சில எபாக்ஸிகள் இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அதைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவாமல் அடித்திருப்பார்கள்.

வடிவத்தில் எங்கள் தேர்வு பிராம், அதாவது முன்பக்கமும் சின்னப் பலகையால் சதுரமாக முடியும் படகு. கூரான அணியம் (முன்முனை) வைத்த டிங்கியில் முன் 40 சென்டிமீட்டர் எதற்கும் உதவாது. 2.4 மீட்டர் பிராம், 2.7 மீட்டர் கூர்முனைப் படகு சுமப்பதைச் சுமக்கும். கரையில் முன்பலகை வழியாகவே கால் நனையாமல் இறங்கலாம். குறை என்னவென்றால் எதிரலையில் முன்பலகை தட்டும், தண்ணீர் தெறிக்கும். இரவில் பின்னால் கட்டிவைத்தால் அந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறைந்தால், உயரமான குரூசரிலிருந்து கால் வைத்து இறங்குகிறவர் தடுமாறுவார்.

துடுப்பு விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துடுப்பைத் தாங்கும் கொண்டிகளுக்கு இடையிலான அகலத்தில் பாதியோடு 2 அங்குலம் கூட்டுங்கள்; வருவதை 25-ஆல் பெருக்கி 7-ஆல் வகுங்கள். 42 அங்குல அகலத்துக்கு 82 அங்குலம், அதாவது 6 அடி 10 அங்குலம். 8 அடி டிங்கிக்குள் அது படுக்கும். கடையில் சேர்த்துக் கொடுக்கும் 5 அடித் துடுப்பு எதிர்க்காற்றில் படகை நகர்த்தாது. கொண்டி, உட்காரும் பலகையின் பின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும். இரண்டாவது ஜோடிக் கொண்டித் துளை முன்னால் இல்லாத படகை வாங்காதீர்கள்: பின்பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் துடுப்பு போடுகிறவர் முன்னால் உள்ள உட்காரும் பலகைக்கு நகர்ந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் பின்பலகை தண்ணீரில் புதைந்து இழுக்கும். தாய்ப்படகை ஒட்டி நிற்கும் முன் கொண்டிகளைக் கழற்றி உள்ளே போடுங்கள். ஒரே உரசலில் குரூசரின் வார்னிஷைக் கீறிவிடும்.

மோட்டார் வைப்பதானால் 2.5 குதிரைத்திறன் தாராளம்; நாலு ஸ்ட்ரோக்கில் 13 முதல் 17 கிலோ வரும். பின்பலகையில் மோட்டார், அதன் பக்கத்தில் நீங்கள் என்றால் அணியம் வானத்தைப் பார்க்கும். டில்லருக்கு (மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி) நீட்டிப்பு போட்டு நடுப்பலகையில் உட்காருங்கள். தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காதிருக்க, பலகைகளுக்கு அடியில் காற்றுப்பைகள் கட்டாயம். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்.

பின்னால் டேவிட்டில் (படகைத் தூக்கித் தொங்கவிடும் தாங்குகை) தொங்கவிடுகிறவர்கள் மழையை மறக்கக்கூடாது. 1.5 சதுர மீட்டர் தரையில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 150 கிலோ. டேவிட்டும் அதைத் தாங்கும் பின்தளமும் பழைய மரம் என்றால் அங்கே விரிசல் விழும். வடிகால் மூடி திறந்தே இருக்கட்டும், மேலே கூடாரம்போல் சரிந்த உறை வேண்டும். கூரையில் வைப்பவர்கள் தாங்கு கட்டைகளைக் குறுக்கு உத்தரங்களுக்கு நேர் மேலே பொருத்துங்கள். கட்டைகளுக்குக் கம்பளி ஒட்ட வேண்டாம், ஈரம் பிடித்துப் பெயின்ட்டைக் கொப்புளமாக்கும். தோலோ ரப்பரோ போதும்.

இழுத்துச் செல்வது 6, 7 நாட் (மணிக்கு 6, 7 கடல் மைல்) வேகம் வரை சரி. இழுவை வளையம் முன்பக்கத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உள்ளே பட்டைவைத்து முறுக்கிய 10 மில்லிமீட்டர் போல்ட்டாக இருக்கட்டும். அதைவிட மேலே இருந்தால் அணியத்தைக் கீழே அழுத்தும். கயிறு மிதக்கும் வகையாக இருக்கட்டும், ரிவர்ஸ் போடும் முன் சுருக்கிக் கட்டுங்கள். படகு இடமும் வலமும் அலைந்தால் ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை) பின்முனையில் மீன் துடுப்புபோல் தட்டையாக இருக்கும் ஸ்கெக் சின்னதாக இருக்கிறது என்று பொருள்.

பழுது தொடங்கும் இடம் பெரும்பாலும் வடிகால் துளை. பிளைவுட்டைத் துளைத்து அப்படியே மூடியைத் திருகியிருப்பார்கள். வெட்டுமுகத்தின் வழியே ஈரம் அடுக்குகளுக்கு இடையில் ஊறி, வெளியே துளையைச் சுற்றி வார்னிஷுக்குக் கீழே ஒரு கருவளையம் தெரியும். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். 25 மில்லிமீட்டர் துளை என்றால் 35 மில்லிமீட்டராகப் பெரிதாக்கி, நன்றாக உலரவிட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் மறுபடி 25 போடுங்கள். இனித் தண்ணீர் மரத்தைத் தொடாது. மூடி, திருகு எல்லாம் வெண்கலமாக இருக்கட்டும். பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தை உறிஞ்சிச் சக்கையாக்கிவிடும்.

பழைய டிங்கி வாங்கப் போகிறவர்கள் பின்பலகை ஏராவோடு சேரும் மூலை, உட்காரும் பலகையின் இரு முனைகள், விளிம்புக் கட்டைக்குக் கீழே பிளைவுட்டின் மேல்விளிம்பு, இவற்றைச் சின்னக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மரத்தை உளுக்க வைப்பது தேங்கிய மழைநீர், எனவே உறையில்லாமல் கிடந்த படகென்றால் இன்னும் கவனம். கையோடு குளியலறைத் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். படகின் ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையை அதே உயரக் கட்டையிலும் வைத்து நிறுத்து, பிறகு முனைகளை மாற்றி நிறுத்து, இரண்டையும் கூட்டினால் உண்மையான எடை கிடைக்கும். விற்பவர் சொன்னதைவிட 5 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருந்தால், ஒன்று அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறியிருக்கிறது, அல்லது மரம் தண்ணீர் குடித்திருக்கிறது.